பெறுநர்: கனிஷ்கா, அறை 27

தீனதயாளன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதும் வாளியை எடுத்துப் போய்த் தண்ணீர் பிடித்தான். பல் துலக்கினான். குளித்தான். மின் அடுப்பில் பால் வைத்து ஒரு டம்ளர் காப்பி கலந்தான். முதல் சில மாதங்கள் கை தானாக இரண்டு டம்ளரை எடுத்தது. இப்போது ஒன்றுதான் எடுக்கிறது. சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஜன்னலோரம் இரவெல்லாம் சார்ஜில் கிடந்த இரண்டு போன்களையும் கழற்றினான். ஒன்று அவனுடையது. மற்றது கனிஷ்காவுடையது.

அவள் போனை அவனால் திறக்க முடியாது. விரல் வைத்துத் திறக்கிற பூட்டு; அந்த விரல் இப்போது இல்லை. ஆனாலும் மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பதினோரு மாதமாக அதன் பூட்டிய திரையில் வந்து நின்றதெல்லாம் ஜவுளிக்கடைத் தள்ளுபடியும், கடன் வேண்டுமா என்ற கேள்வியும்தான்.

அன்று காலை வேறொன்று நின்றது.

'வணக்கம் கனிஷ்கா. உங்கள் ஆர்டர் இன்று வந்து சேரும். பொருளைப் பெறும்போது சொல்ல வேண்டிய எண் 417702.'

இரண்டு முறை படித்தான். ஏதோ பழைய செய்தி, கம்ப்யூட்டர் குழம்பி மறுபடி அனுப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாணவர்கள் காலி செய்துவிட்டுப் போன அறைகளைப் பார்வையிடக் கிளம்பினான். பொங்கல் விடுமுறை முந்தைய நாள் மாலையே தொடங்கிவிட்டது. துணை வார்டன் என்ற முறையில் அவன் மட்டும் மிச்சம்.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில், சோளத்தட்டு அறுத்த காடுகளுக்கு நடுவே அந்தக் கல்லூரி இருந்தது. அவன் அங்கே மெக்கானிக்கல் துறையில் உதவிப் பேராசிரியர். கனிஷ்கா அங்கே எம்.பி.ஏ. படித்தவள். ஜாதகம் பொருந்தியபோதுதான் இருவரும் ஒரே வளாகம் என்பதே தெரிந்தது. படித்த இரண்டு வருடமும் அவள் இருந்தது இதே கட்டடத்தில், மாடியில், அறை 27இல். அப்போது இது பெண்கள் விடுதி. போன ஜூனில்தான் பெண்களுக்குப் புதுக் கட்டடம் வந்தது. இது பையன்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆனது. அவள் போன பின் நாமக்கல் வாடகை வீட்டில் அவனால் இருக்க முடியவில்லை. விடுதியில் ஓர் அறை கேட்டான். கீழ்த்தளத்தில் மூன்றாம் எண் அறையைக் கொடுத்தார்கள். அடுக்கின் கணக்குப்படி மூன்றுக்கு நேர் மேலே இருபத்தேழு வரும் என்பது குடிவந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

கல்யாணமாகி நாமக்கல் போன பிறகும் கனிஷ்கா ஆன்லைனில் எதை வாங்கினாலும் அது விடுதிக்குத்தான் வந்தது. கடைச் செயலியில் சேமித்து வைத்த பழைய முகவரியை அவள் மாற்றவே இல்லை. மாற்றாமல் பொத்தானை அமுக்கிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். குக்கர் கேஸ்கெட், நைட்டி, மருதாணிக் கோன், எல்லாம் 'அறை 27, விடுதி' என்று எழுதி கேட்டில் வந்து கிடக்கும். மாலையில் அவன் தூக்கிக்கொண்டு போவான். "அட்ரஸ மாத்து, அட்ரஸ மாத்துன்னு எத்தன தடவ சொல்றது?" என்பான். "மாத்தறனுங்க, மாத்தறனுங்க" என்று சிரிப்பாள்.

கடைசியாக வந்த ஒன்றை மட்டும் அவன் தூக்கிக்கொண்டு போகவில்லை.

பதினோரு மணிக்குப் பழனியம்மாள் வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பெண்கள் விடுதியாக இருந்த காலத்திலிருந்தே அங்கே வேலை பார்ப்பவள். கேட்டில் வந்து குவிகிற பார்சல்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பதும் அவள்தான்.

"பசங்க போனதும்தானுங் சார் கேட்டு கேட்டாட்டம் இருக்குது," என்றாள். "சோத்தத் தவர அல்லாத்தையும் போன்லயே வாங்கறானுங்க. போன வாரம் ஒருத்தனுக்குச் சீப்பு வந்துச்சுங்க. அவன் பழனிக்குப் போயி மொட்ட போட்டுட்டு வந்து நிக்கறான்! ஏன்டா சாமின்னா, ஆர்டர் போடறப்ப முடி இருந்துச்சுங்கக்காங்கறான்."

தீனதயாளன் சிரிக்க முயன்றான்.

"நீங்க பொங்கலுக்கு ஊருக்குப் போகலீங்களா சார்? மாமியார் ஊட்டுக்காச்சும்?"

"இல்லக்கா."

"செரி, இந்த வருசம் உங்களுக்குப் பொங்கலு இல்லயே," என்று அவளே சொல்லி, துடைப்பத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தாள்.

பன்னிரண்டு ஐந்துக்குச் சட்டைப்பையில் போன் ஒரு முறை அதிர்ந்தது. அவனுடையது இல்லை.

'உங்கள் ஆர்டர் சேர்க்கப்பட்டது. நன்றி, கனிஷ்கா.'

கேட்டுக்குப் போனான். பார்சல் வைக்கிற சிமெண்ட் மேடை வெயிலில் காலியாகக் கிடந்தது. செய்தியின் அடியில் பார்சல்காரரின் எண் இருந்தது. தன் போனிலிருந்து அழைத்தான். எதிர்முனையில் வண்டிச் சத்தத்துக்கு நடுவே ஒரு நடுவயதுக் குரல். பெயர் மணிமாறன் என்றார். போர்வெல் போடுகிற ரிக் வண்டி ஓட்டியவராம், முதுகுவலி வந்த பிறகு இந்த வேலையாம், இந்தப் பக்கம் வந்து நாலு நாள்தான் ஆகிறதாம்.

"குடுத்துட்டனுங்களே சார். கேட்டுல ஆருமில்ல. நேரா மாடிக்கே போயிக் குடுத்துட்டன்."

"யார்கிட்ட?"

"இருவத்தேழுலதானுங்க. கதவு சாத்தியிருந்துச்சு. தட்டுனன். உள்ள இருந்தே அந்தப் பொண்ணு நம்பரச் சொல்லுச்சு. போட்டுப் பாத்தன், செரியா இருந்துச்சு. வாசல்லயே வெச்சுட்டுப் போங்கண்ணான்னுச்சு. ஏனுங், எதாச்சும் பிரச்சனையா?"

அந்த ஆறு எண்களும் காலையிலிருந்து தீனதயாளனின் சட்டைப்பைக்குள் இருந்தன.

"ஒண்ணுமில்ல," என்றான்.

மாடிப்படியில் பையன்கள் விட்டுப் போன ஈரத்துண்டின் நாற்றமும், எப்போதோ கிளறிய நூடுல்ஸ் மசாலாவின் வாசனையும் தங்கியிருந்தன. நீண்ட நடைபாதையின் இருபுறமும் பூட்டிய கதவுகள், ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய வெளிச்சக் கோடு, கோடி ஜன்னலில் சிக்கிய பாலிதீன் பை காற்றில் மூச்சு விடுவதுபோல உப்பி உப்பித் தணிந்தது. இருபத்தேழில் உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்தார்கள். கதவில் வெளிப்பக்கமாகத் துருவேறிய பூட்டு தொங்கியது. சாவி பழனியம்மாளிடம். பூட்டின் மேல் சிலந்தி வலை, கிழியாமல்.

வாசலில் அட்டைப்பெட்டி. பிரித்திருந்தது. ஒட்டுநாடாவைக் கத்தியால் வெட்டவில்லை. நகத்தால் கீறிக் கீறி எடுத்திருந்தது. அவள் அப்படித்தான் பிரிப்பாள். கத்தரிக்கோலை எடுத்து வரும்வரை பொறுமை இருக்காது.

உள்ளே வலக்கால் செருப்பு ஒன்று. பெண்கள் செருப்பு, ஏழாம் எண். பழுப்பு நிறப் பட்டை, வாரில் விலைச்சீட்டு. இடக்கால் செருப்பு இல்லை. பொருளைச் சுற்றி வருகிற, குமிழ் குமிழாகக் காற்றடைத்த பிளாஸ்டிக் தாளும் இல்லை.

அவன் அதைக் கையில் எடுத்தான்.

பதினோரு மாதம் முன்பு, எலச்சிபாளையம் தாண்டி ஒரு ரிக் வண்டிப் பட்டறை. போர் போடுகிற லாரி பின்னோக்கிச் சாலைக்கு வந்தது. கனிஷ்கா ஸ்கூட்டியில் கல்லூரிப் பக்கமாக வந்துகொண்டிருந்தாள். மாலை ஐந்தரை, நல்ல வெளிச்சம். ஆஸ்பத்திரியில் போர்வையை விலக்கிக் காட்டியபோது வலக்காலில் செருப்பு இருந்தது. இடக்கால் வெறுங்கால். அந்தச் செருப்பை அவனும் அவள் தம்பியும் இரண்டு நாள் சாலையோரம் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்போடுதான் அவளை எடுத்துப் போனார்கள். கழற்ற வேண்டாம் என்று அவள் அம்மா கத்தினாள்.

செருப்பைப் பெட்டியிலேயே போட்டுவிட்டுக் கீழே இறங்கினான்.

மதியம் அவன் சாப்பிடவில்லை. கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டரை மணி வெயிலில் வளாகம் முழுக்கச் செத்துக் கிடந்தது. தூரத்தில் ஒரு கோழிப்பண்ணைத் தீவன லாரியின் ஹாரன், காய்ந்த வேப்பங்கொட்டையின் கசப்பு வாடை, விசிறியின் கிறீச், அதற்கு மேலே, கூரைக்கு அந்தப்பக்கம், மிகச் சின்னதாக ஒரு சத்தம்.

டப்.

எறும்பு அளவுச் சத்தம். அவன் விசிறியை நிறுத்தினான்.

டப். டப்.

கொஞ்சம் இடைவெளி. டப்.

குமிழ்த்தாளை மடியில் போட்டுக்கொண்டு, கால் நீட்டிச் சுவரில் சாய்ந்து, போனில் அம்மாவோடு பேசியபடி ஒவ்வொரு குமிழாகக் கட்டைவிரலால் அமுக்குவாள் கனிஷ்கா. முழுத்தாளும் தட்டையாகும்வரை விடமாட்டாள். "காது வலிக்குது, தூக்கிப் போடு" என்றால், "இன்னும் ரெண்டு வரிதானுங்க" என்பாள்.

மேலே ஒரு வரி முடிந்தது. அடுத்த வரி தொடங்கியது.

அவன் எழுந்து வெளியே போகலாம். பேருந்து ஏறலாம். மல்லசமுத்திரம் ஒரு மணி நேரம். அங்கே அவள் அம்மா சௌந்திரம் தனியாக இருக்கிறாள், கூப்பிட்டுக்கொண்டேயும் இருக்கிறாள். ஆனால் அங்கே போனால், தினமும் அவள் கேட்கிற அந்த ஒன்றை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் சொல்வது அவனுக்குப் பழகிவிட்டது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது.

மாலை ஆறுக்கு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, வழக்கம்போல் சௌந்திரம் அழைத்தாள்.

"மாப்பள, சாப்புட்டீங்களா?"

"ஆச்சுங்க அத்த."

"கொரலு ஏன் இப்படிக் கெடக்குது? ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்கேன்."

அடுத்து வருவது அவனுக்குத் தெரியும். பதினோரு மாதமாக, ஒவ்வொரு மாலையும், வேறு எதைப் பேசினாலும் அங்கே வந்துதான் முடியும்.

"மாப்பள, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு எம்புள்ள கடைசியா உங்ககிட்டப் பேசுச்சுல்ல. என்ன சொல்லுச்சு? இன்னொருக்கா சொல்லுங்க சாமி."

"ஞாயித்துக்கெழம அம்மாவப் பாக்கப் போலாமுங்கன்னு சொன்னா அத்த."

தலைக்கு மேலே, கூரையில், பெரிதாக ஒன்று வெடித்தது. ஒரு கை நிறையக் குமிழ்களை மொத்தமாகக் கசக்கிப் பிழிந்ததுபோல.

"அதானுங்க," என்றாள் சௌந்திரம், நிம்மதியாக அழுதபடி. "அந்த ஒரு வார்த்தையிலதான் எனக்கு உசுரே ஓடுது. இன்னமும் ஞாயித்துக்கெழமைன்னா ரெண்டு ஆளுக்குச் சேத்து அரிசி போட்டர்றன்."

அவள் வைத்த பிறகும் அவன் போனைக் காதிலேயே பிடித்திருந்தான்.

கனிஷ்கா அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சௌந்திரம் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது வாயில் வந்ததைச் சொன்னான். நடந்தது வேறு. ஐந்து மணிக்கு அவள் அழைத்தாள். அவன் ஆசிரியர் அறையில் இருந்தான். மேசையைச் சுற்றி நாலு பேர், டீ வந்திருந்தது. ஒரு பார்சல் கேட்டுக்கு வந்துவிட்டதாம், வயர் இல்லாத காலிங் பெல், வரும்போது எடுத்து வர முடியுமா என்று கேட்டாள். வாடகை வீட்டுக்கு மணி கிடையாது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேப்பர் திருத்துகிறவனுக்கு அவள் தட்டுவது கேட்காது. காய்கறிப் பையோடு வெளியிலேயே நிற்பாள். அதற்காக வாங்கியது. மறுபடி விடுதி முகவரி. நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் என்ன உனக்குக் கூரியர்காரனா? பொட்டப்புள்ளைங்க ஹாஸ்டல் வாசல்ல போயி நின்னு உம்பேரச் சொல்லிக் கேக்கணுமா?" என்றான். மேசையில் சிரித்தார்கள். அப்புறம் அவள் ஒன்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பார்சல் நாலு நாள் கேட்டில் கிடந்து, எடுக்க ஆளில்லாமல் கடைக்கே திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் போகி. காலையில் எழுந்தபோது மேலே சத்தம் இல்லை. தண்ணீர் பிடித்தான். குளித்தான். காப்பி கலந்தான். மேசையில் இரண்டு டம்ளர் இருந்தன. இரண்டிலும் காப்பி. ஒன்றைக் கழுவும் தொட்டியில் கொட்டினான்.

மத்தியானம் பழனியம்மாள் ஒரு கூடை நிறைய வேப்பிலையும், மஞ்சளாக ஆவாரம்பூவும், வெள்ளை வெள்ளையாகப் பூளைப்பூவும் கொண்டு வந்தாள். போகியன்று கொங்கு நாட்டில், கெட்டது எதுவும் உள்ளே அண்டாமலிருக்க, ஒவ்வொரு வாசலுக்கும் காப்புக் கட்டுவார்கள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடுதியின் நாற்பத்தெட்டுக் கதவுக்கும் அவள் கட்டுவாள். ஸ்டூலைப் போட்டுப் போட்டு நகர்ந்தாள். பூளைப்பூவின் மண்வாசனை நடைபாதையெங்கும் பரவியது.

"இருபத்தேழுக்கும் கட்டுனீங்களா அக்கா?"

"பின்னே? அதுக்குத்தானுங் மொதல்ல கட்டுனன். அந்த ரூமு பக்கம் போனாலே எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்குதுங்க. கனிஷ்கா புள்ள அந்த வாசப்படில உக்காந்துதான் எனக்கு மருதாணி வெச்சு உடும்."

ஒன்று, இரண்டு கதவுகளுக்குக் கட்டினாள். மூன்றாம் அறையைத் தாண்டி, ஸ்டூலை நான்காம் அறையின் முன் போட்டாள்.

"அக்கா, இதுக்கு?"

அவள் சங்கடத்தோடு திரும்பினாள். "சாவு உளுந்த ஊடுங்களே சார். வருசம் திரும்பறதுக்குள்ள காப்புக் கட்டக்கூடாதுங்க. தை போயி மாசி வரட்டும். நானே வந்து கட்டறன்."

"இது என் ரூம்தானே. ஊடு இல்லையே."

"நீங்க இருக்கற எடந்தானுங்க ஊடு," என்றாள். "நான் நாலு மணி பஸ்ஸுக்குப் போறனுங்க சார். போயிட்டு வாரன். சூதானமா இருந்துக்கங்க."

அவள் போன பிறகு அவன் நடைபாதையில் நின்று பார்த்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாக் கதவின் மேலும் பச்சையும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கொத்துகள். ஒரு கதவு மட்டும் மொட்டை.

நாலே காலுக்குக் கனிஷ்காவின் போன் அதிர்ந்தது.

'வணக்கம் கனிஷ்கா. நீங்கள் கேட்டபடி உங்கள் முகவரி மாற்றப்பட்டது. புதிய முகவரி: அறை 3, விடுதி.'

உடனே இன்னொன்று.

'உங்கள் ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது. பொருளைப் பெறும்போது சொல்ல வேண்டிய எண் 530918.'

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். எழுந்தான். கதவைத் தாழிட்டான். திறந்தான். மறுபடி தாழிட்டான். கூரையைப் பார்த்துக்கொண்டு காதைத் தீட்டினான். மேலே யாரோ ஒரு காலை வைத்து, மற்றதை லேசாக இழுத்து, வாசல்வரை நடந்தார்கள். வாசலில் நின்றார்கள். அதோடு ஒன்றுமில்லை.

ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"சார், பார்சலுங்க! மணிமாறன்."

பெரிய மீசையும் வெயிலில் கறுத்த முகமும் உள்ள மனிதர், பையைத் தோளில் மாட்டியபடி நின்றார். அவரைப் பார்த்ததும் தீனதயாளனுக்குக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் கையிலிருந்த சின்னப் பெட்டியில் எழுதியிருந்தது: பெறுநர், கனிஷ்கா, அறை 3.

"இதாங்க கடேசி. முடிச்சுட்டு ஊட்டுக்குப் போயிக் காப்புக் கட்டோணும். அம்மிணி இல்லீங்களா? நீங்க நம்பரு சொன்னாலும் செரிதான்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் பதினோரு மாதமாக ஒரே ஒரு கணக்கைத்தான் அவன் போட்டுக்கொண்டிருந்தான்: அன்று ஒரு பார்சலை வாங்கிக்கொண்டு போயிருந்தால் அவள் இருந்திருப்பாள். இப்போது வாங்கிக்கொண்டால் முடிந்துவிடும். அவளுக்குரியது அவளுக்குச் சேர்ந்துவிடும். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பூட்டிய திரையிலிருந்த ஆறு எண்களையும் வாசித்தான்.

"செரிங்க சார். வாரனுங்க." மணிமாறனின் வண்டிச் சத்தம் கேட்டைத் தாண்டி, சாலையில் ஏறி, காட்டுக்குள் கரைந்தது.

கதவைத் தாழிட்டான். பெட்டியில் ஆர்டர் தேதி பிப்ரவரி என்றிருந்தது. போன வருடப் பிப்ரவரி.

வயர் இல்லாத காலிங் பெல். வெள்ளை நிறம், உள்ளங்கை அளவு. பிளக்கில் செருகுகிற பாகம் மேலே இருந்தது. அதை எடுத்து, போன் சார்ஜ் போடுகிற பிளக்கில் செருகினான். சின்ன நீல விளக்கு எரிந்தது. 'மாட்டிட்டேன் கனி' என்று வாய்விட்டுச் சொன்னான். கண்ணில் நீர் வந்தது, பதினோரு மாதத்தில் முதல்முறையாக.

வாசலில் ஒட்டுகிற பொத்தான் பாகத்துக்காகப் பெட்டிக்குள் கைவிட்டான். தெர்மாகோலில் அதற்கென்று குழித்த பள்ளம் காலியாக இருந்தது. விரலில் ஏதோ நெருடியது. ஜல்லிப்பொடி. தார் ஒட்டிய சாலை மண்.

பொத்தானை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மணி அடித்தது.

குயில் கூவுவதுபோல ஒரு மெட்டு. தொடங்கி, கரகரத்து, பாதியில் அறுந்தது. எட்டாத தூரத்திலிருந்து யாரோ அமுக்கியதுபோல. பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது: நூறு மீட்டர்வரை கேட்கும். கேட்டிலிருந்து இந்த அறைக்கு நூறு மீட்டருக்குச் சற்று அதிகம்.

அவன் ஜன்னலைப் பார்த்தான். கேட்டுக்கு வெளியே சாலை. மஞ்சள் வெயில். யாரும் இல்லை. மணி ஐந்தே முக்கால்.

மறுபடி அடித்தது. இந்த முறை கரகரப்பு குறைவு. முக்கால் மெட்டு.

பாதி வழியில் நிற்கிற கொடிக்கம்பம் வரை வந்தாயிற்று.

டீசல் வாடை. எங்கிருந்தோ. அதோடு அவள் தலைக்குத் தேய்க்கிற செம்பருத்தி எண்ணெய்.

மூன்றாம் முறை. தெளிவாக, முழுசாக, அறை அதிர. வராந்தா.

அவன் பாய்ந்து அதைப் பிடுங்கினான். நீல விளக்கு அணைந்தது. அமைதி. பிடுங்கிய பிறகுதான் புரிந்தது. இனி எவ்வளவு பக்கத்தில் என்று தெரியாது.

ஒரு நிமிடம். இரண்டு. நடைபாதையில் காப்புக் கொத்துகள் காற்றில் உரசும் சத்தம். ஒவ்வொரு கதவாக. கோடியிலிருந்து. ஏதோ கடந்து வரும்போது அசைவதுபோல. பிறகு அதுவும் நின்றது.

அவன் போன் ஒலித்தது. கத்திவிட்டான். ஆறு மணி. அத்தை.

"மாப்பள, போகியும் அதுவுமா தனியாக் கெடக்கறீங்களேன்னு மனசே ஆறலீங்க. என்னமோ இன்னைக்குப் பொழுதுக்கும் அவ நெனப்பு."

"அத்த..."

தட்டும் சத்தம். மூன்று தட்டு. சற்று நிறுத்தி, ஒன்று. வாடகை வீட்டில் அவள் தட்டுகிற விதம். எத்தனையோ மாலைகள் அவனுக்குக் கேட்காத தட்டு. இப்போது கேட்டது.

"ஆரோ கதவத் தட்டறாங்க பாருங்க," என்றாள் சௌந்திரம். "போயித் தெறங்க சாமி. வெளிய நிக்க வெக்காதீங்க."

அவன் அசையவில்லை. தரையைப் பார்த்தான். கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு. அதை இரண்டு இடத்தில் நிழல் வெட்டியது. அவன் மெல்லக் குனிந்தான். கன்னம் தரையில் பட்டது. சிமெண்ட் சில்லென்றிருந்தது.

இரண்டு கால்கள். வலக்காலில் பழைய செருப்பு. பட்டை பிய்ந்து, கருத்த கறை காய்ந்து. இடக்காலில் புதுசு. பழுப்பு. விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. லேசாக ஆடியது.

"மாப்பள? இருக்கறீங்களா?"

"இருக்கேன்."

"சொல்லுங்க சாமி. கடைசியா எம்புள்ள என்ன சொல்லுச்சு?"

ஞாயிற்றுக்கிழமை. அம்மா. வாய் திறந்தான். வரவில்லை. மேலே, அவன் தலைக்கு மேலே, உள்பக்கம் போட்டிருந்த தாழ்ப்பாள் தானாக நகரத் தொடங்கியது. அவசரமில்லாமல். ஒரு விரலளவு. இன்னொரு விரலளவு. கதவின் மறுபக்கத்தில் யாரோ காத்திருந்தார்கள், அவன் சொல்வதைக் கேட்க.

தரையில் கிடந்தபடியே, அந்த விலைச்சீட்டைப் பார்த்தபடியே, தீனதயாளன் உள்ளதைச் சொன்னான்.

"'நீங்க ஒண்ணும் கொண்டார வேண்டாமுங்க. அங்கயே இருங்க. நானே வாரேன்.'"